12 குழியில் எத்தனை கட்டுக் கீரை?

கேள்வி: நாங்கள் மரக்காணம் பக்கம் 2 ஏக்கர் வைத்திருக்கிறோம். மணிலா, நெல், கொஞ்சம் காய்கறி. மகள் சென்னை பெசன்ட் நகரில் அடுக்குமாடி வீட்டில், 2-வது மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். சமையல் மேடை மேல் வைக்கிற மண்ணில்லாத் தோட்டப் பெட்டி ஒன்றை வாங்கப் போவதாகச் சொல்கிறாள். 12 குழி, மேலே எல்.இ.டி. விளக்கு, அடியில் தண்ணீர்த் தொட்டி. விலை 9,500 ரூபாய். ‘கீரைச் செலவே இருக்காதும்மா, எல்லாம் ஆர்கானிக்’ என்கிறாள். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு, ‘நாமே 10 பெட்டி வாங்கி வீட்டுக்குள் வைப்போம், கீரையைச் சென்னைக்கு அனுப்புவோம்’ என்கிறார். அதற்காக மகளிர் குழுவில் 1 லட்சம் கடன் கேட்கச் சொல்கிறார். வாங்கலாமா?

– ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: சகோதரி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழுக் கடன் வாங்கி 10 பெட்டி வைக்க வேண்டாம். மகள் ஒரு பெட்டி வாங்குவது வேறு விஷயம். ஆசைக்கு வாங்கினால் குற்றமில்லை. கீரைச் செலவை மிச்சம் பிடிக்க என்று வாங்கினால் ஏமாற்றம்தான். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

ஒரு கட்டை எண்ணிப் பாருங்கள்

உங்கள் தோட்டத்தில் பிடுங்கிய சிறுகீரைக் கட்டு ஒன்றைப் பிரித்து, அதில் எத்தனை செடி இருக்கிறது என்று எண்ணுங்கள். சின்னக் கட்டானாலும் ஐம்பதுக்குக் குறையாது. அந்தப் பெட்டியில் இருப்பதோ 12 குழி. ஒரு குழிக்கு ஒரு செடி என்றால், ஒரு மாதம் விளக்கெரித்து வளர்த்தாலும் ஒரு கட்டுக்குத் தேறாது. குழிக்கு நாலைந்து விதை போட்டாலும் ஒரு கட்டு, ஒன்றரைக் கட்டு. நம் வீடுகளில் ஒரு வேளைப் பொரியலுக்கு அது சரியாகப் போய்விடும்.

இந்தப் பெட்டிகள் நம் ஊர்க் கீரைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. வெளிநாட்டுச் சமையலில் நாலு இலை கிள்ளிப் போடுகிற துளசி இனச் செடிகளுக்கும், பச்சையாகச் சாப்பிடும் லெட்டூஸ் என்ற சாலட் கீரைக்கும் ஏற்றபடி வடிவமைத்தவை. பனிக்காலத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே முளைக்காத ஊர்களில் அதற்கு ஒரு நியாயம் உண்டு. நம் ஊரில் வருடம் முழுக்க வெயில் காசில்லாமல் கிடைக்கிறது.

மாதச் செலவு எவ்வளவு?

9,500 ரூபாய்ப் பெட்டி 3 வருடம் ஒழுங்காக ஓடும் என்று வைத்துக்கொள்வோம். 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 264 ரூபாய்.

விளக்கு 24 வாட் என்று வைப்போம். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் எரிய வேண்டும். மாதத்துக்கு சுமார் 11.5 யூனிட். யூனிட் 5 முதல் 8 ரூபாய் என்றால் 58 முதல் 92 ரூபாய் வரை வரும். நடுவாக 70 ரூபாய் போடலாம். இது பெரிய தொகை இல்லை. ஆனால் நம் மாநிலத்தில் 2 மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும்போது 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் கணக்கிடும் முறையே மாறிவிடும். ஏ.சி. ஓடுகிற வீட்டில் அந்தக் கோட்டின் ஓரத்தில் நிற்பவர்களுக்கு இந்த 23 யூனிட்டும் கணக்கில் வரும்.

சத்துக் கரைசல், விதை, விதை நடும் பஞ்சு எல்லாவற்றுக்கும் மாதம் 150 ரூபாய் போடுங்கள். மொத்தம் மாதம் 480 ரூபாய்க்குச் சற்று மேல்.

விளைச்சலுக்கு வருவோம். லெட்டூஸ் 45 நாளில் அறுவடைக்கு வரும். அந்தச் சின்ன விளக்கின் அடியில் செடிக்கு 80 கிராம் என்றால் 12 செடிக்கு சுமார் 1 கிலோ. மாதக் கணக்கில் 650 கிராம். 480 ரூபாயை அதனால் வகுத்தால் கிலோ 700 ரூபாய்க்கு மேல் அடக்கவிலை வருகிறது. செடிக்கு 80 கிராம் என்பது என் மதிப்பீடு. அதை இரண்டு மடங்காக்கினாலும் கிலோ 350 ரூபாய்க்கு மேல். மகளிடம் இந்தக் கணக்கைக் கொடுத்து, அவள் கடையில் வாங்கும் விலையைப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

10 பெட்டி வைத்தால்?

உங்கள் வீட்டுக்காரர் கணக்குக்கு இது 10 மடங்கு. பெட்டிக்கு மட்டும் 95,000 ரூபாய். மாதச் செலவு சுமார் 4,800 ரூபாய், கடன் வட்டி தனி. கிடைப்பது மாதம் ஆறரைக் கிலோ. கிலோ 200 ரூபாய்க்கு விற்றாலும் 1,300 ரூபாய்தான் கைக்கு வரும். மாதம் 3,500 ரூபாய் நஷ்டம். குழுவில் தவணை தவறினால் அது உங்களோடு நிற்காது. கூட இருக்கிற பெண்களின் அடுத்த கடனையும் பாதிக்கும்.

இதே நேரத்தில் உங்கள் கிணற்றடியில் 1 சென்ட் நிலம் என்ன தரும்? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 3 கீரை, கிள்ளிக் கிள்ளி எடுக்க ஏற்ற ரகம். விதைத்த 20-வது நாளில் முதல் அறுவடை. அதிலிருந்து 10 முறை வரை எடுக்கலாம். ஹெக்டேருக்கு சுமார் 30 டன் என்பது பல்கலைக்கழகக் கணக்கு. 1 சென்ட்டுக்கு அது 120 கிலோ. நம் கைக்குப் பாதிதான் வரும் என்று வைத்தாலும், 3 மாதத்தில் 60 கிலோ. 10 பெட்டியும் அதே 3 மாதத்தில் தருவது 20 கிலோவை எட்டாது. 1 சென்ட்டுக்குத் தேவை கொஞ்சம் விதை, இரண்டு கூடை தொழு உரம், உங்கள் உழைப்பு. இதற்குக் கடன் எதற்கு?

மண்ணில்லா விவசாயம் பொய்யா?

பொய் இல்லை. செடிக்கு மண் வேண்டியது பிடிமானத்துக்கும், நீருக்கும், சத்துக்கும்தான். இந்த மூன்றையும் வேறு வழியில் கொடுத்தால் செடி வளரும். 1860-களிலேயே ஜெர்மனியில் சாக்ஸ், நாப் என்ற இரண்டு அறிஞர்கள் உப்புகள் கரைத்த நீரில் செடி வளர்த்துக் காட்டினார்கள். ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்ற பெயரை 1937-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரிக். ஆள் உயரத்துக்கு மேல் தக்காளி வளர்த்துக் காட்டியதும் ஊரே பரபரப்பானது. அப்போதும் இப்போதுபோலவே, இனி மண்ணே வேண்டாம் என்று பேசினார்கள்.

அதே பல்கலைக்கழகத்தின் ஹோக்லண்ட், அர்னான் என்ற இருவர் நிதானமாகச் சோதித்து 1938-ல் ஒரு கையேடு வெளியிட்டார்கள். நல்ல மண்ணில் கிடைப்பதைவிட நீரில் மட்டும் விளைச்சல் கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்கு ஆதாரமில்லை என்பது அவர்கள் முடிவு. நீருக்குள் மந்திரம் எதுவும் இல்லை. வெளிச்சம், வெப்பம், சத்து மூன்றும் சரியாக இருந்தால் இரண்டிலும் விளையும். வேளாண்மை படிக்கும் மாணவர்கள் இன்றும் ஹோக்லண்ட் கரைசல் என்று படிப்பது இவர் பெயரில்தான்.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. 1946 வாக்கில் வங்காளத்தின் கலிம்போங் பகுதியில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர், மோட்டார் இல்லாமல், சரளைக் கல்லிலும் மணலிலும் உரக் கலவையைத் தூவித் தண்ணீர் விட்டு வளர்க்கும் எளிய முறையை உருவாக்கினார். வங்காள முறை என்றே அதற்குப் பெயர். விலை உயர்ந்த கருவி இல்லாமலும் இது நடக்கும் என்று காட்டியது அந்த வேலை.

சமையல் மேடைப் பெட்டி இந்த அறிவியலின் பொம்மை வடிவம். பொம்மை என்று இளக்காரமாகச் சொல்லவில்லை. வயிற்றுக்காக வாங்குகிறோமா, மனசுக்காக வாங்குகிறோமா என்று தெரிந்து வாங்க வேண்டும்.

பெசன்ட் நகர் வீட்டுக்கு என்ன பிரச்னை?

முதலில் வெப்பம். லெட்டூஸ் வேருக்கு 18 முதல் 22 டிகிரி இருந்தால் சுகம். சென்னைச் சமையலறையில் மே மாதம் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம். வேர் மூச்சுத் திணறும், பழுப்பாகிக் கொழகொழவென்று அழுகும். லெட்டூஸ் சீக்கிரமே தண்டு நீட்டிக் கசந்துவிடும். கோடையில் வைப்பதானால் துளசி இனங்கள், புதினா போன்ற சூடு தாங்கும் செடிகளே ஏற்றவை.

இரண்டாவது தண்ணீர். கடலோரப் பகுதியில் போர் தண்ணீரில் உப்பு கூடக்குறைய இருக்கும். பல குடியிருப்புகளில் குடிநீர் வாரியத் தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலக்கின்றன. டி.டி.எஸ். மீட்டரில் பார்க்கும்போது சத்து கலக்கும் முன்பே 500-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீர் இதற்கு ஆகாது. ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாம். ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் கிட்டத்தட்ட இருக்காது. அந்த இரண்டும் சேர்ந்த கரைசலைத்தான் வாங்க வேண்டும். வயலில் பயன்படுத்தும் 19:19:19 உரத்தைக் கரைத்து ஊற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதில் சுண்ணாம்புச் சத்து இல்லை.

மூன்றாவது கொசு. தேங்கிய நல்ல தண்ணீர் என்றால் டெங்கு பரப்பும் கொசுவுக்குக் கொண்டாட்டம். குழிகளில் செடி இல்லாதபோது மூடி போட்டிருக்க வேண்டும்.

நான்காவது, கடைக்காரனை நம்பியே இருக்க வேண்டிய நிலை. சில பெட்டிகளில் அந்தக் கம்பெனி விற்கும் விதைக் குப்பிதான் பொருந்தும். உலகம் முழுக்க இந்த வகைப் பெட்டியைப் பிரபலமாக்கியது ஏரோகார்டன் என்ற அமெரிக்கப் பெயர். 2006-ல் சந்தைக்கு வந்தது. 2025 ஜனவரி 1-ம் தேதியோடு தொழிலை நிறுத்தப்போவதாக 2024 கடைசியில் அவர்களே அறிவித்தார்கள். பல வருடம் நின்ற பெயருக்கே அந்த நிலை வந்தது என்றால், நேற்று முளைத்து ஆன்லைனில் மட்டும் விற்கும் பெயர்களை யோசித்துப் பாருங்கள். சின்ன மோட்டார் ஒன்று பழுதானால் மாற்றக் கிடைக்காமல் மொத்தப் பெட்டியும் பரணுக்குப் போகும்.

யாருக்குப் பயன்படும்?

பால்கனியே இல்லாத, வெயில் எட்டிப் பார்க்காத வீடு. மாடி ஏற முடியாத பெரியவர்கள். விதை முளைப்பதை அருகிலிருந்து பார்க்க வேண்டிய பிள்ளைகள். லெட்டூஸ், இத்தாலியத் துளசி போன்றவற்றை வாரம் தவறாமல் கூடுதல் விலைக்கு வாங்குகிறவர்கள். இவர்களுக்கு இது வீண் செலவு அல்ல. கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று பால்கனிச் செடிகளின் இலை ஓரத்தைக் கருக்கும். அங்கே வீட்டுக்குள் வளர்ப்பதில் ஒரு லாபம் இருக்கத்தான் செய்கிறது.

வாங்கும் முன் மகள் கேட்க வேண்டியவை:

1. நம் கையிலுள்ள விதையைப் போட்டு வளர்க்க முடியுமா? குப்பி கட்டாயமா?
2. விளக்கு எத்தனை வாட்? செடி வளர வளர உயர்த்த முடியுமா?
3. மோட்டார், விளக்கு தனியாகக் கிடைக்குமா? பழுது பார்ப்பவர் சென்னையில் இருக்கிறாரா?
4. தொட்டி எத்தனை லிட்டர்? 2, 3 லிட்டர் என்றால் வெயில் காலத்தில் அடிக்கடி நிரப்ப வேண்டிவரும். ஊருக்கு வந்து 4 நாள் தங்க முடியாது.
5. தொட்டியைக் கழற்றிக் கையை விட்டுத் தேய்த்துக் கழுவ முடியுமா?

ஐந்தில் மூன்றுக்குச் சரியான பதில் வராவிட்டால் வேண்டாம்.

முதலில் ஒரு வாளியில் செய்து பார்க்கட்டும்

ஹவாய் பல்கலைக்கழகத்தில் க்ராட்கி என்ற தோட்டக்கலை அறிஞர் பரப்பிய முறை இது. மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம்.

மூடியுள்ள 5 லிட்டர் வாளி ஒன்று. வெளிச்சம் உள்ளே போனால் பாசி பிடிக்கும், அதனால் வெளியே கறுப்புத் தாளோ துணியோ சுற்ற வேண்டும். மூடியில் 2 அங்குல ஓட்டை போட்டு, ஓட்டையுள்ள சின்னக் கப்பைப் பொருத்துங்கள். கப்பில் ஈரத் தென்னைநார்க் கழிவு, அதில் முளைத்த நாற்று. ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு பாட்டிலாக வரும் சத்துக் கரைசலை, சீட்டில் போட்ட அளவில் வாளித் தண்ணீரில் ஒன்றன்பின் ஒன்றாகக் கலக்க வேண்டும். தண்ணீர் சேர்க்காமல் இரண்டையும் நேராகக் கலந்தால் சுண்ணாம்புபோலத் திரிந்து சத்து வீணாகும். கார-அமில நிலை 5.5 முதல் 6.5-க்குள் இருக்கட்டும்.

தொடக்கத்தில் கப்பின் அடியைத் தண்ணீர் தொட வேண்டும். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். மேல்வேர்கள் காற்றை இழுக்கும், அடிவேர்கள் நீரை இழுக்கும். இதுதான் இந்த முறையின் ரகசியம். மட்டம் இறங்கிவிட்டதே என்று மறுபடி விளிம்பு வரை ஊற்றினால் காற்று வேர்கள் மூழ்கிச் செடி வாடும். ஒரு லெட்டூஸ் செடிக்கு 4, 5 லிட்டர் கிட்டத்தட்டப் போதும். மூடியைச் சுற்றி இடைவெளி இருந்தால் கொசு புகும், துணி அடைக்க வேண்டும்.

காலை வெயில் 4 மணி நேரம் படும் ஜன்னலோரம் இரண்டு வாளி வைத்து, 45 நாள் கவனிக்கட்டும். அதற்குப் பிறகும் ஆர்வம் குறையாமல் இருந்தால் பெட்டி வாங்கட்டும். பாதியில் அலுத்துவிட்டால் 9,500 ரூபாய் மிச்சம்.

கீரைதான் நோக்கம் என்றால் வளர்ப்புப் பையே போதும். 2021-ல் தொடங்கிய முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தில், 900 ரூபாய் மாடித்தோட்டத் தளையை மானியம் போக 225 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். 6 பை, தென்னைநார்க் கட்டி, விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய் எல்லாம் அதில் இருந்தன. இப்போதைய விலையையும் இருப்பையும் தோட்டக்கலைத் துறையில் விசாரிக்கச் சொல்லுங்கள். நேரில் கற்றுக்கொள்ள, கிண்டியில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தகவல், பயிற்சி மையம் இருக்கிறது. பெசன்ட் நகரிலிருந்து தூரமில்லை.

‘எல்லாம் ஆர்கானிக்’ என்பது சரியா?

சரியில்லை. அந்தப் பாட்டிலில் இருப்பவை கால்சியம் நைட்ரேட், மெக்னீசியம் சல்பேட் போன்ற ரசாயன உப்புகள். பூச்சிமருந்து அடிக்காத கீரை என்று சொல்லலாம், அது உண்மை, நல்ல விஷயமும்கூட. இயற்கை விவசாயக் கீரை என்று சொல்ல முடியாது. தொழு உரம் போட்டு உங்கள் கிணற்றடியில் விளைவதுதான் அந்தப் பெயருக்குப் பொருத்தம். மகள் தேடுவது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை

சென்னையில் நல்ல கீரைக்கு ஆள் இருக்கிறது என்று அவர் நினைப்பது சரியான யோசனை. அதை விட்டுவிடாதீர்கள். வழியை மட்டும் மாற்றுங்கள். 2 சென்ட்டைப் பிரித்து, வாரம் ஒரு பாத்தியாகச் சிறுகீரையும் அரைக்கீரையும் விதையுங்கள். ஓரத்தில் முருங்கை, கறிவேப்பிலை. சாயங்காலம் 5 மணிக்கு மேல் வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, நீரை நன்றாக வடியவிட்டு, ஈரச் சாக்கில் தளர்வாகச் சுற்றி வையுங்கள். ஈரத்தோடு பாலித்தீன் பையில் திணித்தால் காலைக்குள் அழுகிவிடும். விடியற்காலை கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தில் ஏற்றினால் காலையிலேயே மகள் கைக்குப் போய்ச் சேரும்.

முதல் மாதம் வாரம் ஒரு நாள், 20 கட்டு மட்டும். மகள் குடியிருப்பில் யார் யார் வாங்குகிறார்கள், என்ன விலைக்கு, எத்தனை கட்டு மிஞ்சியது, பேருந்துக்கு எவ்வளவு செலவு என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நாலு வாரமும் மீதியில்லாமல் விற்றால் 40 கட்டாக்கலாம். அப்போது நிழல்வலைக்கோ சொட்டுநீருக்கோ கடன் தேவைப்பட்டால், அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழுவில் கேளுங்கள். அந்தக் கடனைக் கீரையே அடைக்கும். விதை, ரகம் பற்றிய சந்தேகங்களுக்குத் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகுங்கள்.

நாலு வாரக் கணக்கை எனக்கும் எழுதி அனுப்புங்கள். லாபமோ நஷ்டமோ, இந்தப் பக்கத்திலேயே பார்ப்போம். மற்ற வாசகர்களுக்கும் உதவும்.